குடைக்கு வந்த பதில்

கொட்டாஞ்சேனை,
04.02.2025

அன்பு மகள் நதீஷாவுக்கு,

கோபம் வந்தால் நான் தமிழில்தான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வெளிவரப்போகிறது என்று நீ அனுப்பிய உன் ஜப்பானியப் பாட்டை மேல்வீட்டு ரொனி போனில் போட்டுக் காட்டினான். "அன்ரி, நடுவில இங்கிலிஷும் வருது, கேளுங்கோவன்" என்றான். கேட்டேன். 'இங்கே மழை பிடித்துவிட்டது. உங்கள் குடை கதவடியில் காத்திருக்கிறது.' அது என் ஆங்கிலம். உன் டடி கோபே துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் நான் அவருக்கு எழுதியது. அவருடைய செத்தவீட்டுக்கு வந்த நீ அந்தக் கடிதப் பெட்டியைக் கொண்டுபோனது இதற்காகவா? அந்த வரிகளை உடனே எடுத்துவிடு.

முழங்கால் பரவாயில்லை.

மம்மி

ஒசாக்கா,
15.02.2025

அன்புள்ள மம்மி,

கேட்காமல் எடுத்தது பிழைதான், மன்னியுங்கோ. ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. டடி ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினீர்கள். மூன்றாவதோடு மனுஷன் எழுதுவதையே விட்டுவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அவர் விடவில்லை. உங்கள் கடிதங்களிலேயே, ஒவ்வொரு வரிக்கும் கீழே, பென்சிலால் ஜப்பானிய மொழியில் பதில் எழுதி வைத்திருக்கிறார். குடை வரிக்குக் கீழே: 'குடை அங்கேயே நிற்கட்டும். நான் நனைந்துகொண்டே வருகிறேன்.'

பாட்டில் வரும் ஜப்பானிய வரிகள் அவருடையவை. இரண்டையும் சேர்த்தது மட்டும்தான் நான்.

நீங்கள் சொன்னபடி உங்கள் வரிகளை எடுக்கலாம். பாட்டை வெளியிடும் கம்பனிக்கும் அது பழங்கால ஆங்கிலமாகப் படுகிறதாம். அமெரிக்காவில் ஒருவர் வேறு வரிகள் எழுதித் தருவாராம். அதற்கான சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. கையொப்பமிட்டு அனுப்புங்கோ.

அன்புடன்,
நதீஷா

கொட்டாஞ்சேனை,
26.02.2025

நதீஷாவுக்கு,

படிவம் திரும்பி வருகிறது. கையொப்பம் இல்லை. குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்.

பழங்காலமா? கொன்வென்ற் சிஸ்டர்மார் பிரம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுத்தந்த ஆங்கிலம் அது. ஒரு சொல்லிலும் கைவைக்க வேண்டாம் என்று அந்த அமெரிக்கருக்குச் சொல்.

உன் டடியைத் திருத்தியதற்கு நான் வெட்கப்படவில்லை. அவருடைய ஆங்கிலம் அப்படி. ஆனால் பென்சிலால் எழுதியதை அனுப்பியிருக்கலாம். ஜப்பானிய மொழியில் நான் எதைத் திருத்தியிருக்கப் போகிறேன்? ஒரு வருடம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

முன்பு எழுதியதை மீளப் பெறுகிறேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். பாட்டை எழுதியவர்கள் என்று மேபல், பீற்றர் இரண்டு பெயரும் வரவேண்டும். என் பெயர் முதலில். முதலில் எழுதியவள் நான்.

உன் கம்பனிக்காரரிடம் இதை மட்டும் கேள்: என் வரிகளை எடுத்துவிட்டால், அந்த மனிதர் யாருக்குப் பதில் சொல்லுகிறார்?

மம்மி