நான் உரித்த மஞ்சள் சீட்டு

அன்புள்ள அக்கா,

நேற்று கல்லறைத் திருநாள். உங்கள் வீட்டுக்காரர் ஏற்றி வைத்த மெழுகுவத்தி காற்றில் அணைந்து புகைந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது. நம் கம்பெனியில் வலையைச் சூடு காட்டுகிற அறையில் வருமே, அதே வாசனை. கும்பிட வந்தவள் பாதியில் எழுந்து கம்பெனிக்குப் போக பல்லடம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பனியன் துணி செக்கிங்கில்தான் நம் இருவருக்கும் பாதி வயசு போனது. விளக்கு மேசையில் துணி ஓடும், ஓட்டை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவோம். அப்புறம் இரண்டு பேருமாக இந்த வலைக் கம்பெனிக்கு மாறினோம். குடலிறக்க ஆபரேஷனில் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கிற பிளாஸ்டிக் வலை. முதல் நாள் ரோலைப் பார்த்து நான் சிரித்தேன். "ஏனுங்கக்கா, துணி பூராவும் ஓட்டையா இருக்குது, ஸ்டிக்கரை எங்கீங்க ஒட்டறது?"

நீங்கள் சிரிக்கவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். "ஏட்டி, இந்த ஓட்ட வழியாத்தான் சதை வளந்து வலையப் பிடிக்கணும். இங்க ஓட்டைதான் சரக்கு, கேட்டியா."

கேட்டேன். மண்டையில் ஏறவில்லை.

அந்த ஒரு ரோல் சூட்டு அறையிலிருந்து அகலம் குறைந்து வந்தது. ஓட்டைகள் சுருங்கியிருந்தன. நீங்கள் மஞ்சள் சீட்டில் 'நிறுத்தி வை' என்று எழுதி ஒட்டி, ரெஜிஸ்டரிலும் அதையே எழுதிவிட்டு, மகளுக்குக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை கொடுக்கும் புதுநன்மை என்று தூத்துக்குடிக்கு பஸ் ஏறினீர்கள். மறுநாள் சூப்பர்வைசர் வந்து சரக்கு ஏற்ற வண்டி காத்து நிற்கிறது என்றார். நான் ரோலைத் தடவிப் பார்த்தேன். கெட்டியாக, இறுக்கமாக, கைக்கு அத்தனை நன்றாக இருந்தது. பனியன் துணி அப்படி வந்தால் கொண்டாடுவோம். "நல்ல சரக்குங்க. அக்கா சும்மா பயப்படறாங்க" என்று மஞ்சள் சீட்டை உரித்துக் கசக்கிப் போட்டேன். ரெஜிஸ்டரில் உங்கள் எழுத்தின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் என் கையெழுத்து. லென்ஸைத் தொடக்கூட இல்லை. அவ்வளவு திமிர் என் விரல்களுக்கு.

நீங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த ரோலு எங்கட்டி?"

"மறுபடி சூடு காட்டிச் சரி பண்ணிட்டாங்கக்கா." பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. நீங்கள் என்னை நம்பி வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, பிரசவ ஆபரேஷன் செய்த பழைய தையல் விட்டு உங்களுக்கு வயிறு புடைத்தது. வலை வைத்துத் தைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தீர்கள். பிறகு காய்ச்சல், சீழ். திரும்பத் திறந்து பார்த்த டாக்டர், சதை வலைக்குள் வளரவே இல்லை, சுருங்கி அட்டை மாதிரிக் கிடக்கிறது என்றார். பார்க்க வந்த என் கையில், ஆஸ்பத்திரி பைலில் இருந்து உரித்த சின்ன ஸ்டிக்கரை வைத்தீர்கள். வலையின் நம்பர்.

"நம்ம கம்பெனி லேபிளுதாம்ட்டி. எந்த ரோலுன்னு பாத்துச் சொல்லுதியா?"

"பாக்கறனுங்கக்கா."

பார்க்கவில்லை. போனில் இரண்டு முறை கேட்டீர்கள். ரெஜிஸ்டர் கிடைக்கவில்லை என்றேன். அது என் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. "சரிட்டி, மெதுவாத் தேடு" என்றீர்கள். மூன்றாவது போன் உங்கள் மகளிடமிருந்து வந்தது.

நேற்று கல்லறையிலிருந்து நேரே போய் அலமாரியைத் திறந்தேன். பக்கத்தைத் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை, உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா. ஸ்டிக்கரில் இருந்த நம்பர் அதேதான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் அக்கா. நீங்கள் நிறுத்திய ரோல், நான் விட்ட ரோல்.

ஒரு ரோலை ஒரு ஆளுக்கா வெட்டுகிறோம்? மற்ற துண்டுகள் யார் யார் வயிற்றுக்குள்ளோ இருக்கின்றன. அவர்கள் சாப்பிட்டு, வேலைக்குப் போய், இடுப்புப் பக்கம் லேசாக வலிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை ரெஜிஸ்டரை மேனேஜரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. "வேற யாருகிட்டயாச்சு சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. நான் பாத்துக்கறனுங்க." ரெஜிஸ்டரை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மத்தியானம் என் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள்.

ஸ்டிக்கரை மட்டும் நான் அவரிடம் காட்டவில்லை. அது என் பர்ஸில் இருக்கிறது. நாளைக்கு உங்கள் டாக்டரிடம் போகிறேன். இதே நம்பர் இன்னும் யார் யார் பைலில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லப் போகிறேன். வேலை போகும். என் கையெழுத்துத்தான் முதலில் மாட்டும். மாட்டட்டும்.

வரும்போது செக்கிங் மேசையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டு எடுத்து வந்தேன். ஸ்டிக்கரை அதில்தான் ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே, நீங்கள் எழுதியதை என் கையால் எழுதினேன்: நிறுத்தி வை.