வெயிலில் விழுந்தவள்

கைமன், ஒக்லஹோமா
மார்ச் 9

அன்புள்ள டார்சிக்கு,

உன் தோள்வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே காற்று ஓயவில்லை. கோதுமை மழைக்குக் காத்துக் கிடக்கிறது. கொரீன் வீசும் பந்தைப் பிடிக்க அவள் அப்பா வெய்ன் கொல்லையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்வாரே, அதில் இப்போது கோழித்தீவனம் வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்பு எங்களை மைதானத்தின் நடுவே நிறுத்தினார்கள். கொரீனின் சாஃப்ட்பால் சட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, பயிற்சியாளர் ராட்கியே என் கையில் கொடுத்தார். "கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்காத பொண்ணு" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. உங்கள் அணி வரிசையில் உன்னைத் தேடினேன். நீ ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாய். நாங்கள் வெளியேறும்வரை நிமிரவில்லை.

பல்கலைக்கழகத்தின் விசாரணை அறிக்கை வந்துவிட்டது. கொரீன் உடம்பில் முன்பே ஏதோ கோளாறு இருந்திருக்கலாமாம். மயங்கியதுமே உதவி கிடைத்ததாம். அணியில் எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள். உன் பெயரும் இருந்தது.

அந்த ஆகஸ்ட் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் செய்தவள் நீ. "ஒருத்தி லேட்டா வந்தான்னு கோச் எல்லாரையும் ஓட விட்டார் ஆன்ட்டி. கொரீன் தண்ணி கேட்டா. வீட்டுக்குப் போய் உங்கம்மாகிட்ட கேளுன்னார். விழுந்தப்புறமும், நடிக்கிறா, யாரும் தொடாதீங்கன்னார். நான் கிட்டப் போனேன். உன்னை யாரு நிக்கச் சொன்னான்னு கத்தினார். நான் மறுபடி ஓடப் போயிட்டேன் ஆன்ட்டி" என்றாய். நாங்கள் வந்து சேர்வதற்குள் அவள் போய்விட்டாள்.

நீ சொன்னதை வக்கீலிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெய்னுக்கு என்மேல் கோபம். "யாரைக் காப்பாத்துற நீ? போனது நம்ம பொண்ணு" என்கிறார். உன் உதவித்தொகை ராட்கியின் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அம்மா முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்ப்பதும் தெரியும். ஏப்ரலில் நாங்கள் போட்ட வழக்கு வருகிறது. உன்னை இழுத்து வந்து கூண்டில் நிறுத்தினால், பல்கலைக்கழகத்தின் வக்கீல் உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார். நீயாக வந்தால் உன் பக்கத்தில் நான் உட்கார்வேன்.

ஆகஸ்டில் மறுபடி அந்தப் பயிற்சி உண்டாம். ராட்கியேதான் நடத்துகிறாராம். புதுப் பெண்களும் வருவார்கள். கொரீன் முதலில் வந்தபோது இருந்த அதே வயதுதான் இருக்கும்.

சாட்சி சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் தலை சுற்றினால் உட்கார்ந்துவிடு. யார் கத்தினாலும் எழுந்திருக்காதே. நீ நல்லபடியாக உன் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும், கண்ணு. தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

கொரீனின் அம்மா,
லொரேட்டா