சித்தப்பா செய்யும் உதவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூட்டுவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்கு மருந்து. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, சலூனில் புது நாற்காலி போட்டிருக்கிறேன், உன் அம்மா படத்தைத் தினமும் துடைக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படி.

தெருவே சித்தப்பா என்று கூப்பிடும் அந்தக் கடத்தல்காரரைப் பார்த்து எல்லாரும் ஏன் எழுந்து நிற்கிறீர்கள் என்று நீ கேட்பாய். அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள், அவர் ஒரு போன் போட்டார், கிடைத்தது. காசு கேட்டிருந்தால் கடனை உடனை வாங்கிக் கொடுத்துத் தலைமுழுகியிருப்பேன், அவர் கேட்கவில்லை. படுக்கை கொடுத்தவருடைய தம்பியை இவர் முன்பு ஏதோ வழக்கிலிருந்து காப்பாற்றியிருந்தாராம், பதிலுக்கு அந்த வழக்கில் சாட்சியை மாற்றிச் சொன்ன தச்சருடைய மைத்துனனுக்கு நம் சலூனில் நான் வேலை கொடுக்க வேண்டியதாயிற்று. தன் பையிலிருந்து அவர் எதையும் எடுப்பதே இல்லை, ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே கதைதான், கும்பிடு மட்டும் அவருக்கு.

போன வாரம் முகத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்துகொண்டு, உங்க பொண்ணு துறைமுகத்துல பெட்டி சோதிக்கிற வேலைதானே, நம்ம பெட்டி ஒண்ணு வருது, பாக்காம விடச் சொல்லுங்க என்றார். கத்தி என் கையில் இருந்தது, பயந்ததும் நான்தான். வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டேன். அம்மா போன அன்னைக்குச் சண்டை போட்டுட்டுப் போனவ, நான் இருக்கேனா செத்தேனான்னுகூடக் கேக்கறதில்ல என்றேன். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. எதிர் வீட்டுத் தையல்காரம்மா உன்னைத் திட்டிக்கொண்டே எனக்கு சூப் கொண்டுவருகிறாள், நான் தலையாட்டிக்கொண்டே குடிக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே, அந்த மைத்துனன் எந்நேரமும் என்னோடு இருக்கிறான், அவன் காது சித்தப்பாவுடையது. ஆனாலும் ஞாயிறு வந்தால் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

நேற்று சித்தப்பா மறுபடி வந்தார். பெத்த பொண்ணு அப்பனோட பேசாம இருக்கறதா, நான் சேத்து வைக்கிறேன், என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்யும் உதவியை வேண்டாம் என்று சொன்னவர் இங்கே யாரும் இல்லையம்மா. அவர் அனுப்பி யாராவது உன் வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா தனியாகக் கிடந்து அழுகிறார், ஒரு வார்த்தை பேசு என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். பேசிவிடாதே. அவர் சேர்த்து வைத்த குடும்பம் என்று ஆகிவிட்டால் அப்புறம் அந்தப் பெட்டிக்கு நீ மறுப்புச் சொல்ல முடியாது. எனக்கு அப்பாவே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்து. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் வராது, உதடு துடிக்கும், கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்.

குட்டிக்கு என் முத்தம். யாருக்கும் கைகட்டி நிற்காமல் நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும். வெளியூர் போய்த்தான் இதைத் தபாலில் போடுகிறேன், பதில் எழுதாதே, படித்ததும் கிழித்துப் போடு.

என்றும் உன்
அப்பா