தோளில் இருக்கும் பாதம்

நஹரியா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வாதிமுக்கு,

அவிகாயில் எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிரிந்த நாளிலிருந்து நான்கு வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை உன் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை அவர் பேர்ஷெவாவுக்கு ரயில் ஏறுகிறார். வெள்ளரி ஊறுகாய் ஜாடியோடு இதையும் தருவார். ஜாடியை அப்புறம் திறந்துகொள். முதலில் இதைப் படி.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி, வாய் மட்டும் பழையபடி நன்றாக ஓடுகிறது. நான் அதே மருந்துக் கடையில்தான் இருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் கடைசியில் அந்த எலுமிச்சை மரத்தை வெட்டியே விட்டார்.

நேற்று உன் அம்மா ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். நீ யூதனாக மாறப் போகிறாய், ஒரு வருடமாகப் படிக்கிறாய், அடுத்த மாதம் மத நீதிமன்றத்தில் மூன்று ரபிமார்கள் முன்னால் நிற்கப் போகிறாய் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருடம் நான் கெஞ்சினேனே. "உங்க ரபிக்காக நான் ஏண்டி பன்னிக்கறிய விடணும்?" என்று சிரித்தவன்தானே நீ. யூதனல்லாதவனோடு இங்கே கல்யாணம் செய்து வைக்க மாட்டார்கள். உன்னால்தானே நாம் சைப்ரசுக்குப் போய், யாரோ ஒரு நகராட்சி குமாஸ்தா முன்னால் கல்யாணம் செய்துகொண்டோம்.

எந்தப் பெண்ணுக்காக இந்த ஞானோதயம் என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன். உன் அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "பொண்ணெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. செத்தா பாப்பா இருக்கற எடத்துல படுக்கணுங்கறான். யூதனா இல்லாட்டி இடுகாட்டு வேலிக்கு வெளியதானாமே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தோள்ல பச்சை குத்தினதையும் வியாழக்கிழமை லேசர் வெச்சு அழிக்கப் போறான். அது இருந்தா சேத்துக்க மாட்டாங்களாம்" என்றார்.

வாதிம், அதை உன்னிடம் சொன்னது நான்தான்.

அந்த நாட்களைப் பற்றி நாம் இருவரும் வாயே திறந்ததில்லை. பிறந்ததிலிருந்து பத்தொன்பது நாள் நம் பாப்பா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். முப்பது நாள் ஆகாத குழந்தைக்குத் துக்கம் காக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து அழக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடக்கக் குழுவினர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த வரிசை என்று சொல்லவில்லை. கல்லும் வைக்கவில்லை. அடக்கும்போது அவர்களே ஒரு பெயர் வைத்தார்களாம், அதுவும் நமக்குத் தெரியாது. வீட்டுக்கு எடுத்து வந்த பிறகு பெயர் வைக்கலாம் என்றுதானே காத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் மை தடவி எடுத்த காலடித் தாளை நீ ஹைஃபாவுக்குக் கொண்டு போனாய். அளவு கொஞ்சமும் மாறாமல் இடது தோளில் பச்சை குத்திக்கொண்டு வந்து, சட்டையைக் கழற்றினாய். நான் பார்க்கவில்லை. உன் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். "இதோட நீ ஒரு நாளும் யூதனாக முடியாது. எங்க இடுகாட்டுல உன்னப் புதைக்கவும் மாட்டாங்க" என்று கத்தினேன். யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டது. உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. உனக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துச் சொன்னேன், அவ்வளவுதான்.

இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு எங்கள் தெரு ரபி எல்கயாமிடம் போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார். "பச்சை குத்திக்கறது கூடாதுதாம்மா. அதுக்காகக் குத்தினவன வெளிய நிறுத்துன்னு எவன் சொன்னான்? முழுக்குத் தொட்டியில நான் பாக்காத படமா? கப்பல், பாம்பு, பழைய காதலி பேரு. எல்லாம் முங்கி எழுந்து யூதனாத்தான் போகுது" என்றார். இடுகாட்டைக் கேட்டேன். "அது வெறும் புரளிம்மா. தோலப் பாத்தா குழி வெட்டறோம்?" என்றவர், யாருக்காகக் கேட்கிறாய் என்றார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. அடக்கக் குழுவின் பழைய பதிவுகளில் அவள் இடத்தையும் பெயரையும் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

நீ யூதனாகு, ஆகாமல் போ. அதை இனி நான் கேட்க மாட்டேன். என்னை மன்னிக்கவும் வேண்டாம். வியாழக்கிழமை மட்டும் அங்கே போகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். கிழித்த தாளை நான் எங்கே போய்த் தேடுவேன்?

அத்தனை குழாய்களுக்கு நடுவே என் விரல் அவள் கைவரைதான் எட்டியது. அவள் பாதத்தை நான் தொட்டதே இல்லை. நீ சரி என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் ரயிலேறி வருகிறேன். பழையதைப் பேச மாட்டேன், அழ மாட்டேன். ஒரே ஒரு முறை என் கையை அதன் மேல் வைத்துக்கொள்ள விடு.

கடவுள் உன் உடம்பைக் காக்கட்டும், அந்தத் தோளோடு சேர்த்து.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா,
அவிகாயில்