பூசணிக்காய்மேல் ஊற்றிய தண்ணீர்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்கு என்றுதான் சொன்னேன், மனசைக் கேட்காதே. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் ஜெர்மனிக்குத் திரும்புகிற நந்தினியிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

இரும்பு மில்லில் புதுப் பிளாண்ட் வருகிறது என்றேனே, சோலார் கரண்டில் தண்ணீரைப் பிரித்து வாயு எடுப்பது, அதற்கு அப்பாவையும் அவர் கூட்டாளி சடையப்பன் மாமாவையும் உலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். பசுமை ஹைட்ரஜனாம், கரி வேண்டாமாம், நாடு முழுக்க இனி இதுதானாம். நாம் இங்கே குடத்தோடு லாரிக்கு நிற்கிறோம், அங்கே தண்ணீரைப் பிரிக்கிறார்கள், போகட்டும். சமையல் கேஸாவது நாற்றம் காட்டிக் கொடுக்கும், இதற்கு நாற்றமும் இல்லை, பற்றினால் பகலில் நெருப்பு கண்ணுக்கே தெரியாதாம். இதைக் கேட்டதிலிருந்து மில் சங்கு ஊதினாலே நான் வாசலுக்கு ஓடுகிறேன், அடுப்பில் வைத்தது தீய்ந்து போகிறது.

போன வாரம் வெள்ளிக்கிழமை பிளாண்ட் ஓட ஆரம்பித்தது. எந்த மிஷின் வந்தாலும் மாமாதானே பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி உடைப்பார். இந்தத் தடவை மெயின் கேட்டுக்கு வெளியிலேயே உடைக்கச் சொல்லியிருந்தார்கள். திருஷ்டி மிஷினுக்கா கேட்டுக்கா என்று மாமா எரிகிற சூடத்தோடு பைப் பக்கம் உள்ளேயே போய்விட்டார். அப்பா ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டார். பூசணிக்காய் கை நழுவி விழுந்து உடைந்தது, மாமா தொப்பலாக நனைந்து நின்றாராம். உன் சாமிக்கு ஏத்துற மெழுகுவத்திய நான் வந்து அணைச்சா சும்மா இருப்பியா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அப்புறம் சோதித்துப் பார்த்தால் வாயுக் கசிவே இல்லை. அது இன்னும் பேஜாராகிவிட்டது, மதத்தை மனசில் வைத்துத்தான் செய்தான் என்று பேசுகிறார்கள். இத்தனை வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், இப்போது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அப்பா கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்.

கசிவுதான் இல்லையே, போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று நேற்று சண்டை போட்டேன். லீக் இல்லன்னு இப்ப தெரியுது, அப்ப எனக்கு இன்னா தெரியும், பேசாத போறான்னா போட்டும், மூஞ்சத் திருப்பிக்கினு போறதுக்கு அவன் உசுரோட கீறான்ல என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைட் டூட்டி முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல மனுஷர்களையும் தரட்டும். மறக்காமல் மாமாவுக்கு ஒரு போன் போடு, உன் போன் என்றால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எடுப்பார். அப்பா சொன்னதை அப்படியே அவரிடம் சொல்லு, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா,
கிரேஸ் ராஜமாணிக்கம்