கிண்ணத்தில் மிஞ்சிய வளையம்

வியாழன், இரவு

காலையில் பைக்கின் முன் ஷாக் அப்சார்பர் ஃபோர்க் இரண்டையும் நானே பிரித்து, ஆயில் கசியாமல் தடுக்கும் புது சீல் போட்டேன். சீலை அடித்து இறக்க பிவிசி பைப் துண்டு, ஆயில் அளக்க மகளின் பழைய பால்புட்டி.

மாலையில் சுமதியின் தம்பி ஓட்டிப் பார்த்தான். "பஞ்சு மாதிரி இருக்கு மாமா!" அப்படியே பொத்தேரிக்குக் கிளம்பிவிட்டான்.

பிறகுதான் சுமதி கேட்டாள்: "ஏங்க, நீங்க சாமான் போட்டு வச்ச ரசக் கிண்ணத்துல ஒரு கம்பி வளையம் கெடக்கு. வேணுமா?"

சீல் எகிறாமல் பிடிக்கும் லாக் அது. அது இல்லாவிட்டால் சீல் கழன்று, ஆயில் பிரேக்கில் வழியும்; பிரேக் பிடிக்காது.

ஆறு தடவை போன் செய்துவிட்டேன். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்கவே மாட்டான். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

"யாருக்குங்க இத்தனை தடவை?" என்றாள்.

ஆபீசுக்கு என்றேன்.