அம்மாவிடம் நீ சொன்னால்தான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நானும் சுகம்தான். அதே சொல்லை உன் அம்மாவுக்கும் சேர்த்து எழுத இந்தத் தடவை கை வரவில்லை கண்ணு. ஒரு மாதமாக அவளுக்கு வலது கையில் பிடி இல்லை. துணி வெட்டும்போது கத்தரிக்கோல் நழுவி விழுகிறது, நேராக ஓட வேண்டிய தையல் கோணிப்போகிறது. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அவர் எழுதிக்கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் உன் அம்மா யாருக்கோ தோள் அளவு குறித்துவைத்திருக்கிறாள்.

நான் கெஞ்சினால் சிரிக்கிறாள். "ஏப்பத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்ட மனுஷன்தானே நீங்க" என்கிறாள். உண்மைதான், மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். போன வாரம் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தேன். கண்ணாடிக் கடைக்கு என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி, டிரைவரிடம் மட்டும் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி வைத்திருந்தேன். வாசலைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. டிரைவரிடம், "வண்டியைத் திருப்புங்க தம்பி, சார் முப்பத்தஞ்சு வருஷம் பொய் சொல்லாதேன்னு பாடம் நடத்தினவரு, இன்னிக்கு லீவு போல" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். என் சொல்லுக்கு அவளிடம் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அன்றோடு போயிற்று.

என் வகுப்பில் ஒரு வருஷம் இரண்டு லீடர்கள் இருந்தார்கள். ஒருத்தன் சத்தம் அடங்கட்டும் என்று நாள் முழுக்க "சார் வர்றாரு, சார் வர்றாரு" என்பான், ஒரே வாரத்தில் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொருத்தி நான் உண்மையிலேயே வரும்போது மட்டும் சொல்வாள், அவள் எழுந்து நின்றாலே வகுப்பு அடங்கிவிடும். இந்த வீட்டில் நான் அந்தப் பையன், நீ அந்தப் பெண். அம்மா எதைத் தைத்துக் காட்டினாலும் நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பிரமாதம் என்பேன். நீ பத்து வயதிலேயே, "ஒரு கை ஏறி நிக்குதும்மா" என்றாய். முகம் சுருங்கினாலும் பிரித்துத் தைத்தாள், அன்றிலிருந்து உன்னிடம்தான் கேட்கிறாள்.

அதனால் நீதான் பேச வேண்டும். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் தையல் மெஷின் மேலேயே கிடப்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஒன்றும் இருக்காது, சும்மா போய்விட்டு வா என்று மட்டும் சொல்லாதே, அது நமக்குத் தெரியாது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல். அப்பா எழுதினாரா என்று கேட்பாள், ஆமாம் என்றுவிடு. அதை மறைத்தாயானால் உன் சொல்லும் என் சொல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் அவளை அழைத்துப்போக நம் வீட்டில் ஆளே இல்லை.

இதை எழுதும்போதே அடுத்த அறையில் கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டது. என்ன விழுந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை கண்ணு.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ என்றைக்கும் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கைக்கு வந்த அன்றே பேசிவிடு.

உன் சொல்லை நம்பியிருக்கும்
அப்பா